தளி பஜாரில் நான் வைத்த முத்திரை

போன மாதம் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. ஓசூரிலிருந்து கவிதா. நான் ஒரு காலத்தில் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண். பூச்சிமருந்து ஆய்வாளர். சந்தேகம் வந்தால் மேலதிகாரியைக் கேட்பதற்கு முன் என்னைக் கேட்டுக்கொள்வாள்.

"சார், இன்னொரு மருந்துக்குத் தடை ஆர்டர் வந்திருக்கு. கடையில இருக்கற ஸ்டாக்கை சீல் பண்ணி, கடைக்காரர் பொறுப்புலயே விட்டுட்டு, சீட்டுல கையெழுத்து வாங்கிடலாம்ல? பழைய தளி ஃபைல்ல நீங்க அப்படித்தான் பண்ணியிருக்கீங்க. ஃபைலு ரொம்ப நீட்டா இருக்கு சார்."

நீட்டாக இருக்கிறதாம். வாயில் இருந்த நுரையைத் துப்பிவிட்டுக் கேட்டேன்: "அந்தக் கடைக்காரர் வீட்டுல கிணறு எங்கம்மா இருக்கு?"

"கிணறா? அது எதுக்கு சார்?" என்று சிரித்தாள்.

அவள் சிரித்ததில் தப்பில்லை. நாங்கள் நிரப்பும் சீட்டில் கிணற்றுக்கென்று கட்டம் கிடையாது. கடையின் பெயர், உரிம எண், மூட்டைகளின் எண்ணிக்கை, முத்திரையின் அடையாளம், சாட்சிகள் கையெழுத்து, அவ்வளவுதான். "நேர்ல போய்ப் பாத்துட்டு சொல்லு" என்று போனை வைத்தேன். அவளிடம் முழுசாகச் சொல்லியிருக்க வேண்டும். போனில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் கடலூர்ப் பக்கத்துக்காரன். எழுபதுகளின் நடுவில் வேலை உத்தரவோடு ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது எனக்குத் தமிழை விட்டால் ஒன்றும் தெரியாது. இங்கே ஒரு விவசாயி தெலுங்கில் கேள்வி கேட்பார், பக்கத்து வயல்காரர் கன்னடத்தில் பதில் சொல்வார், இரண்டு பேரும் என்னைப் பார்த்துத் தமிழில் சிரிப்பார்கள். ஆறு மாதத்தில் மூன்று மொழியிலும் திட்டக் கற்றுக்கொண்டேன்.

அந்த நாளில் என் வேலை தடுப்பதல்ல, கொடுப்பது. பி.எச்.சி. பவுடர் என்று ஒன்று. மங்கின வெள்ளையாக இருக்கும், ஊசிப்போன வாடை அடிக்கும். ஒரு தடவை மூக்கில் ஏறினால் சட்டையைத் துவைத்த பிறகும் போகாது. நிலக்கடலையில் கம்பளிப்புழு இறங்கிவிட்டால் எங்களுக்கு அதுதான் பிரம்மாஸ்திரம். ஜவளகிரியில் காட்டோரத்து ஊர்க்காரர்களைக் கூட்டிவைத்து, பவுடரை ஒரு துணிப் பையில் போட்டு, செடி மேல் தட்டித் தட்டிக் காட்டினேன். ஒரு பெரியவர் பயந்தபடி நின்றார்.

"கைல பட்டா இன்னா ஆவும் சார்?"

நான் வெறுங்கையை மூட்டைக்குள் விட்டு முழங்கை வரை பூசிக் காட்டினேன். "பாருங்க. எனக்கு இன்னா ஆச்சு?"

கைதட்டினார்கள். அப்புறம் அந்தப் பவுடரை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டிலில் மூட்டைப்பூச்சிக்குத் தூவினார்கள். பிள்ளைகள் தலையில் பேனுக்குத் தேய்த்தார்கள். சாப்பாட்டுக்கு வைத்திருந்த அவரைக்கொட்டையில் வண்டு வராமல் கலந்தார்கள். எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஏனென்றால் ஒன்றும் ஆகாது என்று நானே நம்பினேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்துக் கோயம்புத்தூரில் ஒரு வாரப் பயிற்சி வைத்தார்கள். வகுப்பெடுத்தவர் பலகையில் பி.எச்.சி. என்று எழுதி, "இது லேசில் அழியாது" என்றார். மண்ணில் கிடக்கும், தண்ணீரில் இறங்கும், உடம்பில் கொழுப்பில் போய்த் தங்கும், தாய்ப்பாலில் வரும். "தண்ணியைக் காய்ச்சினா போயிடுமா சார்?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். "கிருமிதான் சாகும். இது போகாது" என்றார். மத்தியானம் பிரிஞ்சி சாதம் போட்டார்கள். சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பினோம். அந்தக் கேள்வியையும் பதிலையும் மட்டும் நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இன்றைக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன்.

அதற்குப் பிறகு என்னை ஆய்வாளராகப் போட்டார்கள். மேலதிகாரி கோதண்டராமன். இப்படி ஒரு மனிதரை நான் அப்புறம் பார்க்கவில்லை. எந்தக் கடையிலும் ஒரு டீ குடிக்க மாட்டார். வீட்டிலிருந்து தூக்குப் பாத்திரத்தில் மோர் கொண்டுவருவார், நமக்கும் பாதி ஊற்றித் தருவார். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. தப்பு செய்தால் பெயரைச் சொல்லாமல், "விதியில எங்கய்யா இருக்கு, காட்டு" என்பார். அந்த ஒரு வார்த்தைக்கு ஆபீஸே நடுங்கும்.

மாதிரி எடுப்பதை அவர் கோயில் காரியம் போலச் செய்வார். மூட்டையை மூன்று இடத்தில் குத்தி எடுக்க வேண்டும். கலந்து, மூன்று பங்காகப் பிரிக்க வேண்டும். ஒன்று கடைக்காரருக்கு, ஒன்று ஆய்வுக்கூடத்துக்கு, ஒன்று நம்மிடம். துணிப்பையில் போட்டு, நூலால் தைத்து, முடிச்சின் மேல் அரக்கை உருக்கி விட வேண்டும். அரக்கு ஆறுவதற்குள் பித்தளை முத்திரையை வைத்து அழுத்த வேண்டும். முத்திரை ஈரமாக இல்லாவிட்டால் அரக்கு அதிலேயே ஒட்டிக்கொண்டு வந்து, எழுத்து சிதைந்துவிடும். அதற்காக அவர் ஒவ்வொரு தடவையும் முத்திரையை நாக்கு நுனியில் தொட்டு ஈரமாக்குவார். நாங்களும் அப்படியே பழகினோம். பவுடர் பட்ட கை, பவுடர் பட்ட முத்திரை, அதை நாக்கில் வைத்துக்கொள்கிறோம்! விஷத்துக்குக் காவல் வைத்த ஆட்கள் நாங்கள். ஒருத்தனுக்காவது ஒரு பஞ்சை நனைத்து வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

தளி பஜாரில் பஷீர் பாய் கடை வைத்திருந்தார். உரம், விதை, பூச்சிமருந்து. முன்பக்கம் கடை, பின்னால் வீடு, வீட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவில் ஓடு போட்ட ஒரு சரக்கறை. கிணற்றுக்கும் அந்த அறைச் சுவருக்கும் இடையில் பத்துத் தப்படி தூரம் இருக்கும். நிதானமான மனிதர். கலப்படம் என்று அவர் கடையில் எடுத்த மாதிரி ஒரு தடவைகூடத் திரும்பி வந்ததில்லை. ஒரு வருஷம் கம்பளிப்புழு அதிகமாக வரும் என்று எங்கள் துறையில் எச்சரிக்கை வந்தது. "பாய், பவுடரு நெறைய எடுத்து வைங்க, விவசாயி வந்து இல்லைன்னு திரும்பக் கூடாது" என்று நான்தான் சொன்னேன். நாற்பது மூட்டைக்கு மேல் இறக்கினார். அந்த வருஷம் புழு வரவில்லை. அடுத்து வந்தது தடை உத்தரவு.

அது தொண்ணூறுகளில். பி.எச்.சி.யை விற்கக் கூடாது, இடம் மாற்றக் கூடாது, இருக்கும் இடத்திலேயே முத்திரை வைத்துக் கடைக்காரர் பொறுப்பில் ஒப்படைக்க வேண்டும், அழிப்பதற்கான உத்தரவு பின்னால் வரும் என்று தாள் வந்தது. கடை கடையாகப் போனேன். முக்கால்வாசிக் கடையில் இருப்பே இல்லை. எப்படி இருக்கும்? தாள் எங்களுக்கு வருவதற்குள் சேதி அவர்களுக்குப் போயிருந்தது. சந்தைக்குப் போகிற வண்டியில் ராகி மூட்டைக்கு அடியில் வைத்து கர்நாடக எல்லை தாண்டி ஆனேக்கல் பக்கம் தள்ளிவிட்டார்கள். 'இருப்பு இல்லை' என்று எழுதிக்கொண்டு வந்தேன். தள்ளிவிடாமல் வைத்திருந்தவர் பஷீர் பாய்.

"எதிர்க்கடைக்காரன் எங்கிட்டயும் கேட்டான் சார், உன்னோடதையும் சேத்து அனுப்பிடறேன்னான். வேணாம்னுட்டேன். விஷம்னு சர்க்காரே சொல்லிடுச்சு, அப்புறம் அடுத்த ஊர்க்காரன் தலையில கட்டறது பாவம் இல்லையா?" என்றார் பாய். "ஒரு லாரி வச்சு கம்பெனிக்கே திருப்பி அனுப்பிடட்டுமா?"

கோதண்டராமன் சாரைக் கேட்டேன். "இடம் மாத்தக் கூடாதுன்னு இருக்கு. திருப்பி அனுப்பலாம்னு விதியில எங்கய்யா இருக்கு?" என்றார். இல்லைதான்.

முத்திரை வைக்கப் போன அன்று பாயின் மனைவி நூர்ஜஹான் அம்மா கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தார். ஜன்னலை அடைத்து, கதவைப் பூட்டி, பூட்டின் மேல் துணி சுற்றி, அரக்கை விட்டேன். பழக்க தோஷத்தில் முத்திரையை நாக்கில் வைத்தேன். அந்த அம்மா கையில் இருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"ஐயோ சார், அத்த நாக்குல வைக்காதீங்க! வெசம்னு நீங்களே சொல்றீங்க!"

கிணற்றிலிருந்து ஒரு சொம்பு சேந்திக் கொண்டுவந்து கொடுத்தார். வாய் கொப்பளித்தேன், மீதியைக் குடித்தேன். கல்கண்டு மாதிரி இருந்தது தண்ணீர். பத்து வருஷமாக நாங்கள் செய்துகொண்டிருந்த பைத்தியக்காரத்தனத்தை, படிக்காத ஒரு பெண்பிள்ளை பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"எத்தினி நாளைக்கு சார் இது இங்க கெடக்கும்?" என்று கேட்டார்.

"ரெண்டு மாசம்மா. அழிக்கற உத்தரவு வந்துடும்."

பாய் சீட்டைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். முத்திரை கலைந்தால் நடவடிக்கைக்கு உட்படுவேன் என்று அதில் இருந்தது. அந்த வரியை விரலால் தொட்டு, "நம்ம பொறுப்பு சார், பாத்துக்கறேன்" என்றார்.

இரண்டு மாதம் போயிற்று. ஆறு மாதம் போயிற்று. ஐப்பசி மழையில் புளியங்கிளை ஒன்று முறிந்து சரக்கறைக் கூரையில் விழுந்தது. பாய் ஓசூருக்கு மனுவோடு வந்தார். கூரையில் ஓட்டை, தண்ணீர் நேராக மூட்டை மேல் ஊற்றுகிறது, முத்திரையை எடுத்துவிட்டால் மூட்டைகளை உயரத்தில் அடுக்கிக் கூரையைச் சரிசெய்துவிடலாம் என்று எழுதியிருந்தார். அந்த மனுவை மேலே அனுப்பினோம். 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. அதுவரை மேலே தார்ப்பாய் போட்டுக்கொள்ளச் சொன்னேன். போட்டார். முதல் காற்றில் பறந்தது. மறுபடி போட்டார்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். இரண்டு சாட்சி வைத்து, கண்டதைக் கண்டபடி மகஜராக எழுதி, நானே முத்திரையை உடைத்து, மூட்டைகளைப் பத்திரப்படுத்திவிட்டு மறுபடி முத்திரை வைத்திருக்கலாம். அதற்குத் தடையாக எந்த விதியும் இல்லை. கோதண்டராமன் சாரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். மோர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"பண்ணலாம். நாளைக்கு ஒரு மூட்டை கொறைஞ்சுதுன்னு வை, ஏன் தொறந்தேன்னு கேப்பாங்க. நீ எழுதிக் குடு. ஆய்வாளர் தன் பொறுப்பில் செய்கிறார்னு நான் குறிப்பு எழுதி வைக்கறேன்."

பதவி உயர்வுப் பட்டியல் வருகிற சமயம். விளக்கம் கேட்டு மெமோ வாங்கினவன் பெயர் அதில் வராது. "யோசிச்சு சொல்றேன் சார்" என்று எழுந்து வந்துவிட்டேன். பிறகு யோசிக்கவே இல்லை.

இரண்டாவது மழைக்காலம் முடிந்து நான் தளிக்குப் போனபோது, கிணற்றடியில் நின்றதுமே மூக்கில் ஏறியது அந்த ஊசிப்போன வாடை. மூட்டை கரைந்து சுவர் அடியில் இறங்கியிருந்தது. தண்ணீரைப் பரிசோதிக்க எங்கள் ஆய்வுக்கூடத்தைக் கேட்டேன், மருந்துதான் பார்ப்போம், தண்ணீர் எங்கள் வேலையில்லை என்றார்கள். தண்ணீர் பார்க்கிறவர்களைக் கேட்டேன், முத்திரை உங்களுடையது, நீங்களே பாருங்கள் என்றார்கள். பஜார் முனையில் ஒரு பைப்பு உண்டு. வாரத்தில் இரண்டு நாள் தண்ணீர் வரும், வந்தால் சண்டை. பாய் சைக்கிளில் நான்கு குடம் கொண்டுவருவார். அது எந்த மூலைக்குக் காணும்?

அப்போதுதான் நூர்ஜஹான் அம்மா தனியாகப் பஸ் ஏறி எங்கள் ஆபீசுக்கு வந்தார். ஒரே மகள், தலைப்பிரசவம், ஏழாம் மாதம். தாய் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும்.

"அதுங்காட்டியும் அந்த ரூமைக் காலி பண்ணிக் குடுத்துடுங்க சார். வேற ஒண்ணும் கேக்கல."

கோதண்டராமன் சார் எழுந்து நின்று அந்த அம்மாவுக்கு நாற்காலி போட்டார். தன் மோரை ஊற்றிக் கொடுத்தார். "மேல எழுதியிருக்கோம்மா. மறுபடி எழுதறேன்" என்றார். அன்றைக்கே எழுதவும் செய்தார். அந்த அம்மா மோரைத் தொடாமல் எழுந்து வாசலுக்கு வந்தார். பின்னாலேயே நானும் போனேன்.

"சார், நீங்க படிச்சவங்க. சொல்லுங்க. புள்ளத்தாச்சிப் பொண்ணு. பைப்புத் தண்ணி பத்தாது. கெணத்துத் தண்ணியக் காய்ச்சிக் குடுத்தா அந்த வெசம் போயிடுமா?"

போகாது. எனக்குத் தெரியும். கோயம்புத்தூரில் பின்வரிசை ஆள் கேட்டதும், வந்த பதிலும் காதிலேயே இருந்தன. ஆனால் போகாது என்று சொன்னால் அடுத்த கேள்வி, "அப்ப நாங்க என்ன பண்றது?" என்பதுதான். அதற்குப் பதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: நான் போய் முத்திரையை உடைப்பது.

"நல்லா காய்ச்சிக் குடுங்கம்மா" என்றேன்.

அந்த அம்மா முகம் தெளிந்தது. இரண்டு கையையும் குவித்து, "நீங்க நல்லா இருக்கணும் சார்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார். நான் உள்ளே வந்து உட்கார்ந்து அன்றைய தபாலைப் பிரித்தேன்.

எனக்குப் பதவி உயர்வு வந்தது. கோதண்டராமன் சார் ஓய்வு பெற்றார். மூன்றாவது மழையும் கழிந்து, ஒரு வழியாக அழிக்கும் உத்தரவு வந்தது. சரக்கை எங்கோ வடக்கே கொண்டுபோக ஒரு லாரி, முகமூடி கட்டிய இரண்டு ஆட்கள். முத்திரை வைத்தவனே எடுக்க வேண்டும் என்பதால் நானும் போனேன்.

பஷீர் பாய் பாதியாக இளைத்திருந்தார். கடையில் இரண்டு விதைப் பெட்டியைத் தவிர ஒன்றுமில்லை. சரக்கறைக் கதவருகே என்னை அழைத்துக்கொண்டு போனார். பூட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக் கட்டியிருந்தார். அதை அவிழ்த்தார். அரக்கில் ஒரு கீறல் கிடையாது. நான் நாக்கில் வைத்து அழுத்திய எழுத்துகள் அத்தனையும் அப்படியே இருந்தன.

"மழ படாம வச்சிருந்தேன் சார். சரியா இருக்குல்ல?"

"இருக்கு பாய்."

உடைத்துத் திறந்தோம். உள்ளே மூட்டை என்று சொல்ல ஏழெட்டுதான் இருந்தன. மீதியெல்லாம் நைந்த சாக்கும், தரையில் வெள்ளைச் சேறும். சுவர் அடியில் கிணற்றுப் பக்கமாக ஒரு அரிப்பு, கை நுழையும் அளவுக்கு இருந்தது. மகஜரில் முதல் வரியாக, 'முத்திரை பழுதின்றி இருந்தது' என்று எழுதினேன். உண்மைதானே! கவிதா பார்த்து நீட்டாக இருக்கிறது என்று சொன்ன ஃபைலின் கடைசித் தாள் அதுதான்.

நூர்ஜஹான் அம்மா ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தார். நான் வாங்கத் தயங்கியதைப் பார்த்துவிட்டு, "இது பைப்புத் தண்ணி சார். பயப்படாமக் குடிங்க" என்றார். கிணற்றின் மேல் பலகை போட்டுக் கல் வைத்திருந்தது. ஏதாவது பேச வேண்டுமே என்று, "பொண்ணு சௌக்கியமாம்மா? கொழந்தை எப்படி இருக்கு?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"பொண்ணு அவ வீட்டுல இருக்குது சார். கொழந்த தங்கல. நாலு மாசம் இருந்துச்சு. இன்னா காரணம்னு டாக்டருக்கே தெரியல." சொம்பை என் கையில் கொடுத்துவிட்டு, குற்றம் சொல்லும் தொனியே இல்லாத குரலில் சொன்னார்: "நீங்க சொன்ன மாதிரியே காய்ச்சித்தான் சார் குடுத்தேன். ஒரு நாள்கூட தவறல."

அந்தத் தண்ணீரால்தான் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. இல்லை என்று சொல்லவும் இல்லை. அன்றைக்கு அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். காலில் விழுந்திருக்கலாம். சொம்புத் தண்ணீரைக் குடித்தேன், மகஜரில் பாயிடம் கையெழுத்து வாங்கினேன், ஜீப்பில் ஏறினேன். அதற்குப் பிறகு தளிப் பக்கம் போகவில்லை. கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட ஏதாவது சாக்குச் சொல்லிவிடுவேன்.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது கவிதா மறுபடி போன் செய்தாள். இந்த முறை சிரிக்கவில்லை.

"சார், போய்ப் பாத்தேன். கிணறு பின்சுவரை ஒட்டியே இருக்கு. அவங்க வீட்டுல குடிக்கறதும் அதுதான். அங்க வைக்க முடியாதுன்னு சொல்லி, வண்டி வச்சு நம்ம ஆபீஸ் கொட்டகைக்கே ஏத்திட்டு வந்துட்டேன் சார். ஆர்டர்ல இடம் மாத்தக் கூடாதுன்னு இருக்கு. எங்க பெரிய ஆபீசரு கூப்பிட்டு விதியில எங்க இருக்குன்னு கேட்டாரு. மெமோ வரும்னு நினைக்கறேன்."

"வரட்டும்மா. வாங்கிக்கோ."

"உங்களுக்கு அந்த மாதிரி எத்தனை மெமோ சார் வந்திருக்கு?"

முப்பது வருஷ சர்வீசில் ஒன்றுகூட இல்லை என்று சொன்னேன். ஓய்வு பெற்ற அன்று மேடையில் அதைச் சொல்லித்தான் எனக்கு மாலை போட்டார்கள், நானும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன்.